ஈஸ்ட் பெங்காலும் வெளிநாட்டு மாப்பிள்ளைகளும்

கொல்கத்தாவில் இருக்கிறேன் என்றால் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார்கள். ரசகுல்லா நிஜமாகவே அவ்வளவு நல்லா இருக்குமா, துர்கா பூஜை சமயத்தில் வந்தால் தங்க இடம் கிடைக்குமா, டிராம் இன்னும் ஓடுதா. கால்பந்து பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் இந்த ஊரில் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த மக்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மீன், அரசியல், கால்பந்து மூன்றும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி, அதிலும் ரசிகர்களின் ஒரு தீராத ஆசையைப் பற்றி இன்றைக்கு எழுதலாம் என்று உத்தேசம்.

ஆசை இதுதான்: "நம்ம கிளப்பை பெரிய வெளிநாட்டுப் பணக்காரன் ஒருத்தன் வாங்கிட்டா எப்படி இருக்கும்?"

2022 மே மாதம் சால்ட் லேக் செக்டார் ஐந்தில் எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. ஈஸ்ட் பெங்கால் கிளப்பை வாங்குவது பற்றி மான்செஸ்டர் யுனைடெட்டுடன் பேசியிருக்கிறோம், வேறு சிலருடனும் பேசியிருக்கிறோம் என்று சவுரவ் கங்குலி பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். முதலீட்டாளராக இல்லை, உரிமையாளராகவே வருவார்கள் என்றும் சொன்னார். இந்த ஊரில் கங்குலி ஒன்று சொன்னால் அது கிட்டத்தட்ட அரசாணை மாதிரி. ஓல்ட் டிராஃபோர்டில் இருந்து பயிற்சியாளர் வருவார், பழைய யுனைடெட் ஆட்டக்காரர்கள் கடைசி இரண்டு வருஷம் இங்கே வந்து ஆடுவார்கள் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. டிபன் பாக்ஸில் இருந்த மீன் ஆறிப்போனதுதான் மிச்சம்.

அந்த வாரமே முடிவு தெரிந்துவிட்டது. முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலைமைச் செயலகத்தில் வைத்து அறிவித்தார்: வருவது எமாமி. கொல்கத்தாவிலேயே தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனி. ஜண்டு பாம், போரோப்ளஸ் எல்லாம் அவர்களுடையதுதான். மான்செஸ்டர் கனவு கண்டவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது தலைவலித் தைலம் :-)

சிரிப்பாக இருந்தாலும் இதற்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து குடும்பம் நடத்தும் நம்மைப் போன்றவர்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டிய கதை.

*

மோகன் பகான் 1889-ல் தொடங்கப்பட்ட கிளப். 1911-ல் செருப்பில்லாக் கால்களோடு ஆடிய அந்த அணி, பூட்ஸ் போட்ட ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வாங்கியது. வெள்ளைக்காரனை அவன் ஆட்டத்திலேயே ஜெயித்த அந்த நாள் வங்காளத்தில் இன்றைக்கும் பாதி சுதந்திர தினம்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்தது 1920 ஆகஸ்ட் 1. ஜோராபகான் என்ற கிளப் மோகன் பகானோடு ஆட இருந்த ஓர் ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை அணியில் சேர்க்காமல் விட்டார்கள். அந்தக் கிளப்பின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி, கிழக்கு வங்காளத்து ஜமீன்தார், எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. வெளியே வந்து நண்பர்களோடு சேர்ந்து தனிக் கிளப்பே தொடங்கிவிட்டார். சைலேஷ் போஸ் கிழக்கே இருந்து வந்தவர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்பது ஈஸ்ட் பெங்கால்காரர்களின் தீர்மானமான கருத்து. ஆக, இந்தக் கிளப்பின் அஸ்திவாரமே "எங்களை வெளியாள் என்று சொன்னாயா?" என்ற கோபம்தான்.

கிழக்கிலிருந்து வந்தவர்களை இங்கே பாங்கால் என்பார்கள். மேற்கு வங்காளத்துப் பூர்வகுடிகளுக்கு கோட்டி என்று பெயர். (எங்கள் நெல்லைப் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். முதன்முதலாக ஒரு பெரியவர் தன்னை "நான் சுத்த கோட்டி" என்று அறிமுகப்படுத்திக்கொண்டபோது என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் முழித்தேன்.) பாங்கால் ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன், நம்மூர் உல்லம். கோட்டி ஜெயித்தால் இறால். இதெல்லாம் 1947 வரைக்கும் வேடிக்கை.

பிரிவினைக்குப் பிறகு வேடிக்கை போய்விட்டது. லட்சக்கணக்கானவர்கள் வீடு, நிலம், குளம், மாந்தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு கட்டிய துணியோடு கொல்கத்தா வந்து சேர்ந்தார்கள். ஜாதவ்பூர், விஜய்கட் பக்கம் காலி நிலங்களிலும் கைவிடப்பட்ட ராணுவ முகாமிலும் குடிசை போட்டார்கள். சியால்டா ரயில் நிலைய நடைமேடையிலேயே மாதக்கணக்கில் குடும்பம் நடத்தியவர்கள் உண்டு. ஊர் போய்விட்டது, ஊரின் பெயர் ஒரு கால்பந்துக் கிளப்பின் சட்டையில் மட்டும் மிச்சம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு காகு, எண்பது தாண்டியவர், மைமன்சிங் பக்கத்தில் பிறந்தவர், சொன்னார்: "ரேஷன் கார்டு வாங்குவதற்கு முன்னாடி எங்கப்பா ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினார்."

இதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தக் கிளப்பை யார் வாங்குவது என்ற கேள்வி ஏன் வெறும் வியாபாரப் பேச்சு இல்லை என்பது புரியும்.

*

ஒன்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரன், வெளிநாட்டுக்காரன் என்றால் ஈஸ்ட் பெங்கால்காரர்களுக்கு எந்தக் காலத்திலும் ஒவ்வாமை இருந்ததில்லை. 1949 முதல் 1953 வரை அந்தக் கிளப்பின் முன்வரிசையில் ஐந்து பேர் ஆடினார்கள். அகமது கான், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே. ஐவருமே தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள்! பஞ்ச பாண்டவர்கள் என்று இந்த ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்தது. 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஐ.எஃப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தது. வீடிழந்து வந்த அகதிகள் அந்த வருஷங்களில் தலைநிமிர்ந்து பேச ஒரு காரணம் கொடுத்தவர்கள் நம் தென்னாட்டு ஆட்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1980-ல் அலிகர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர்கள் மஜீத் பிஷ்கரும் ஜம்ஷெத் நசீரியும் இந்தக் கிளப்புக்கு ஆட வந்தார்கள். மஜீத் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் அதைப் பேசுவார்கள். 2019-ல் கிளப்பின் நூற்றாண்டு விழாவுக்கு அவர் திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. நாற்பது வருஷம் கழித்து!

ஆக, வந்தவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள், ஊர் அவர்களைத் தூக்கி வைத்துக்கொண்டது. பணம் வந்தபோதுதான் கதை மாறியது. பணம் சட்டையைப் போட்டுக்கொள்வதில்லை. சட்டையில் என்ன எழுதுவது என்று தீர்மானிக்கிறது.

*

1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் மைதானத்தில் இரண்டு கிளப்புகளும் மோதின. வந்த கூட்டம் 1 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேல். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டு ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. இவ்வளவு கண்கள் ஓரிடத்தில் இருந்தால் வியாபாரிக்கு மூக்கு வேர்க்காதா? அடுத்த வருஷமே விஜய் மல்லையா வந்தார்.

அவர் செய்த காரியம் உலகத்திலேயே விசித்திரம். ஈஸ்ட் பெங்காலின் கால்பந்துப் பிரிவைத் தனிக் கம்பெனியாக்கி அதில் பாதிப் பங்கை வாங்கினார். மோகன் பகானிலும் அதே மாதிரி பாதி. ஒன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால், இன்னொன்று மெக்டவல் மோகன் பகான். மது விளம்பரத்துக்கு ஆயிரம் கட்டுப்பாடு உள்ள நாட்டில், பீரும் விஸ்கியும் ஆடும் ஆட்டத்தை லட்சம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். யார் ஜெயித்தாலும் மல்லையா ஜெயித்தார்.

நியாயமாகச் சொன்னால் அந்தக் காலம் கிளப்புக்கு நல்ல காலமும்கூட. 2000-01, 2002-03, 2003-04 தேசிய லீக் பட்டங்கள். 2003-ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பை. இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் டெரோ சசானாவை 3-1 என்று ஜெயித்து வந்தார்கள். அன்றைக்கு இந்த ஊரில் பாங்கால் வீடுகளில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று என்பது நாடறிந்தது. கிங்ஃபிஷர் விமானங்கள் 2012-ல் தரையிறங்கின. மல்லையா 2016 மார்ச்சில் லண்டன் போனார்.

இதே 1998-ல் ஜெர்மனியில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். கால்பந்துப் பிரிவைக் கம்பெனியாக்கிக்கொள்ளலாம், வெளியார் பணம் போடலாம், ஆனால் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் கிளப்பின் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். ஐம்பதும் ஒன்றும் என்று அதற்குப் பெயர். சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும் விதி இன்றும் அங்கே நிற்கிறது. நம் பக்கத்தில் அந்த ஒன்றைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஈஸ்ட் பெங்கால் 1998-ல் கொடுத்தது 50 சதவீதம். 2018-ல் பெங்களூரைச் சேர்ந்த குவெஸ் கம்பெனிக்கு 70. 2020-ல் ஸ்ரீ சிமெண்டுக்கு 76. ஏறுமுகம்தான்!

குவெஸ் வந்தபோது ஒரு சுவாரசியம். அதன் பின்னணியில் கனடாவின் ஃபேர்ஃபேக்ஸ் குழுமத்தின் பணம் இருந்தது. ஃபேர்ஃபேக்ஸை உருவாக்கிய பிரேம் வத்சா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஆக, வெளிநாட்டு மாப்பிள்ளை ஏற்கெனவே ஒருமுறை சத்தமில்லாமல் வந்துவிட்டுப் போயிருக்கிறார். மாப்பிள்ளை பார்க்க உள்ளூர்க்காரர் மாதிரி இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் குவெஸ் காலத்தில்தான் நம்மூர் கதையும் குறுக்கிடுகிறது. 2018-19 ஐ-லீகில் கடைசி நாள். கோயம்புத்தூரில் சென்னை சிட்டி எஃப்.சி.யும் மினர்வா பஞ்சாபும். கேரளத்தில் கோகுலமும் ஈஸ்ட் பெங்காலும். மினர்வா முதலில் கோல் போட்டதும் கொல்கத்தா குதித்தது. ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை ஜெயித்தும்விட்டது. ஆனால் சென்னை சிட்டி இரண்டாம் பாதியில் மூன்று கோல் போட்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி, 43-க்கு 42. அடுத்த நாள் அலுவலகத்தில் எனக்கு யாரும் டீ வாங்கித் தரவில்லை.

அந்தச் சென்னை சிட்டியில் அதே 2019-ல் ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஐரோப்பியப் பெரிய கிளப், சாம்பியன்ஸ் லீக் ஆடியவர்கள், நம்ம பசங்களுக்குப் பயிற்சி, அகாடமி என்று கோவை ரசிகர்கள் கண்ட கனவுக்கும் கொல்கத்தா கனவுக்கும் வித்தியாசமே இல்லை. 2021-22 ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. பட்டம் ஜெயித்து மூன்று வருஷம் ஆகவில்லை.

*

கொல்கத்தாவில் அவசரம் ஏன் கூடியது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. அதில் நுழைய நூறு வருஷ வரலாறு போதாது, பணம் வேண்டும். கொல்கத்தாவின் இடத்தை அத்லெடிகோ டி கொல்கத்தா என்ற புது அணி எடுத்துக்கொண்டது. ஸ்பெயினின் அத்லெடிகோ மாட்ரிட் அதில் பங்குதாரர். அவர்கள் 2017-ல் விலகிப் போனார்கள். 2019-ல் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று ஆனதும் பழைய கிளப்புகளுக்கு வயிற்றில் புளி கரைத்தது. மோகன் பகான் 2020-ல் தன் கால்பந்துப் பிரிவின் 80 சதவீதத்தை கோயங்கா குழுமத்துக்குக் கொடுத்து, ஏடிகே மோகன் பகான் ஆனது. தன் கிளப்பின் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து ஒட்டியதை அந்த ரசிகர்கள் மூன்று வருஷம் பொறுக்கவில்லை. அந்த எழுத்துகளை எடு என்று கோஷம், பதாகை, புறக்கணிப்பு. 2023 மார்ச்சில் கோப்பையை ஜெயித்த ராத்திரிதான் அவை போயின. எழுத்து போனது, கம்பெனி பங்கு போகவில்லை. அது வேறு விஷயம்.

ஈஸ்ட் பெங்காலின் ஸ்ரீ சிமெண்ட் கதை இன்னும் கசப்பு. 2020-ல் முதலமைச்சர் முன்னிலையில் அறிவிப்பு. லிவர்பூலின் ராபி ஃபவுலர் பயிற்சியாளராக வந்தார். முதல் சீசனில் 11 அணிகளில் ஒன்பதாவது இடம். அடுத்ததில் 20 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். அதற்கு நடுவே கையெழுத்துத் தகராறு. முதலில் ஒப்புக்கொண்டது ஒன்று, முழு ஒப்பந்தத்தில் இருப்பது வேறொன்று, கையெழுத்துப் போட்டால் உறுப்பினர்களின் உரிமையே போய்விடும் என்றார்கள் கிளப் நிர்வாகிகள். கையெழுத்துப் போடாவிட்டால் கிளப்பே ஆட முடியாது என்றார்கள் எதிர்ப்பக்கத்தினர். 2021 ஜூலை 21 அன்று மைதானத்தில் கிளப் வாசலில் ஒரே கிளப்பின் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. அடி வாங்கிய இரண்டு கட்சியும் போட்டிருந்தது அதே சிவப்பு-மஞ்சள் சட்டை. அடுத்த வருஷம் ஸ்ரீ சிமெண்ட் விலகியது.

இதில் கவனிக்க வேண்டியது: அந்த ஒப்பந்தக் காகிதத்தை அடி வாங்கியவர்களில் ஒருவர்கூடப் படித்திருக்க வழியில்லை. கிளப் என்பது சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான ஒரு சங்கம். ஓட்டு, உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு. மைதானம் இருக்கும் நிலமோ ராணுவத்துக்குச் சொந்தம். முதலீட்டாளர் வாங்குவது கால்பந்துக் கம்பெனியின் பங்கையும் லீகில் அணியை இறக்கும் உரிமையையும். கேலரியில் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு இந்த எந்தக் காகிதத்திலும் இடமில்லை. ஆனால் காகிதத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் விலை வந்தது அவனால்தான்.

*

ஸ்ரீ சிமெண்ட் போவதற்கும் எமாமி வருவதற்கும் இடைப்பட்ட 2022-ன் தொடக்க மாதங்களில்தான் மான்செஸ்டருக்கு முன்னால் இன்னொரு பெயரும் அடிபட்டது. டாக்காவின் பசுந்தரா குழுமம். பங்களாதேஷின் பெரிய வியாபாரக் குடும்பம், பசுந்தரா கிங்ஸ் என்று சொந்தமாகக் கிளப் வைத்திருப்பவர்கள்.

நான் மேலே சொன்ன காகு அப்போது பேசியதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "எங்கப்பா எதை விட்டுட்டு வந்தாரோ அந்த மண்ணிலிருந்து பணம் வருதாம். வாங்கிக்கணுமா, வேண்டாம்னு சொல்லணுமா, தெரியலை." அவர் மகன், ஐ.டி.காரர், எரிச்சலாகச் சொன்னார்: "பாபா, பணத்துக்கு ஊர் கிடையாது." காகு பதில் சொல்லவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

பசுந்தரா வரவில்லை. ஆனால் வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். 2024 ஜனவரியில் ஒடிசாவை 3-2 என்று ஜெயித்து ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையை எடுத்தது. 12 வருஷத்தில் முதல் தேசியக் கோப்பை. அதனால் ஆசியப் போட்டியில் ஆட வாய்ப்பு. அந்த அக்டோபரில் பூட்டானின் திம்புவில் எதிரே வந்தது யார்? பசுந்தரா கிங்ஸ். 4-0 என்று ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. வாங்க வருவார்கள் என்று பேசப்பட்டவர்களின் கிளப்பை, வாங்கப்படாத கிளப் அடித்தது. அன்று காகு வீட்டில் இலிஷ்.

*

மான்செஸ்டர் கனவுக்குத் திரும்புவோம். கனவுக்குக் காரணம் தெளிவு. 2003-ல் ரஷ்யாவின் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார். 2008-ல் அபுதாபி பணம் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தது. 2021-ல் சவுதி நிதியம் நியூகாசிலை வாங்கியபோது அந்த ஊர் ரசிகர்கள் அரபு அங்கி போட்டுக்கொண்டு தெருவில் ஆடினார்கள். தொலைக்காட்சியில் இதையெல்லாம் பார்த்தவனுக்கு நமக்கும் ஒரு ஷேக் வரமாட்டானா என்று தோன்றாதா?

ஆனால் இவர்கள் மாப்பிள்ளை பார்த்த வீட்டின் நிலவரம் என்ன? மான்செஸ்டர் யுனைடெட்டையே 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் வாங்கியது. பெரும்பகுதி கடன் வாங்கிய பணம், அந்தக் கடனில் பெரும்பாலானதைக் கிளப்பின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். மனம் வெறுத்த ரசிகர்கள் சிலர் அதே வருஷம் வெளியேறி எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று தங்களுக்கே சொந்தமான ஒரு குட்டிக் கிளப்பைத் தொடங்கினார்கள். கொல்கத்தாவில் 1920-ல் நடந்த கோபம் மாதிரியே இல்லை? இங்கே நாம் அவர்களைக் கனவு கண்டபோது, அங்கே அவர்கள் "எப்போது இவர்கள் விற்றுவிட்டுப் போவார்கள், எந்த ஷேக் வருவார்" என்று கனவு கண்டுகொண்டிருந்தார்கள்.

வெளிநாட்டுப் பணக்காரர் என்றால் வெள்ளைக்காரர் அல்லது அரபு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் என்ற ஊருக்கு அந்த வெளிநாட்டுப் பணக்காரர் நாம்தான். 2010-ல் புனேயின் கோழி வியாபாரக் கம்பெனியான வெங்கீஸ் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. 1995-ல் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த கிளப் அது. 2012-ல் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. அந்த ஆட்டத்தின்போது ரசிகர்கள் மைதானத்துக்குள் உயிருள்ள கோழி ஒன்றை விட்டார்கள். 2017-ல் இன்னும் ஒரு படி கீழே. வெங்கீஸ் பணம் போடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது; வருஷா வருஷம் போட்டார்கள். ஆனால் அந்த ஊர் கிழவர்கள் சனிக்கிழமை மத்தியானம் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்பது புனேயில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

நல்ல உதாரணமும் சொல்ல வேண்டும். 2019-ல் மான்செஸ்டர் சிட்டியின் தாய்க் குழுமம் மும்பை சிட்டியில் 65 சதவீதம் வாங்கியது. 2020-21-ல் லீக் கேடயம், கோப்பை இரண்டும் மும்பைக்கு. ஈஸ்ட் பெங்கால் ரசிகனின் கனவு அப்படியே மும்பையில் நிறைவேறியது என்று சொல்லலாம். 2025-ல் ஐ.எஸ்.எல்.லின் வியாபார ஒப்பந்தம் முடிந்து, லீக் நடக்குமா நடக்காதா என்று தெரியாத நிலை வந்தது. அந்த டிசம்பரில் அவர்கள் தங்கள் பங்கைக் கைவிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். குற்றமில்லை. கணக்குப் பார்த்து வந்தவர்கள் கணக்குப் பார்த்துப் போகிறார்கள்.

*

இவ்வளவையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான். மல்லையா, குவெஸ், ஸ்ரீ சிமெண்ட், அத்லெடிகோ மாட்ரிட், பாசல், மும்பையில் சிட்டி குழுமம். உள்ளூர், வெளிநாடு, நல்லவர், அல்லாதவர் என்று என்ன பேதம் இருந்தாலும் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது ஒன்று: எல்லாரும் போனார்கள். ரசிகர்கள் எப்போதும் கேட்பது "யார் வருவார்?" என்று. கேட்க வேண்டியது, "அவர் போகும்போது நம் கையில் என்ன இருக்கும்?" பெயர் இருக்குமா, நிறம் இருக்குமா, அணியை இறக்கும் உரிமை திரும்ப வருமா? பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தை மட்டுமா விசாரிக்கிறோம்?

பணம் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. பணமில்லாமல் இன்றைக்குக் கிளப் நடத்த முடியாது. 1920-லும் ஜமீன்தார் பணத்தில்தான் தொடங்கியது. ஆனால் அந்த ஐம்பதும் ஒன்றும் என்ற ஜெர்மன்காரன் கணக்கில் அந்த ஒன்று இருக்கிறதே, அதை விற்கக் கூடாது.

இது கால்பந்துக்கு மட்டுமான விஷயமா? நாம் இருக்கும் ஊர்களில் எல்லாம் நமக்கு முன்னால் வந்தவர்கள் மாதச் சம்பளத்தில் பத்தும் ஐம்பதும் போட்டு ஒரு சங்கம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பஜனை மண்டபம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். இன்று அந்தக் கட்டடங்கள் நிற்கும் மனைக்கு நகரத்தில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். நூலகத்தில் ஆள் இல்லை, கூரை ஒழுகுகிறது, சந்தா வசூல் ஆவதில்லை. "புதுப்பித்துத் தருகிறேன், என் கம்பெனி பெயரை வையுங்கள், மேலே இரண்டு மாடி எனக்கு" என்று யாராவது வந்தால் பொதுக்குழுவில் கை தூக்கிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவோம். அந்தக் காகிதத்தை யார் படிப்பது?

அடுத்த முறை உங்கள் ஊர் சங்கத்தில் ஆண்டுப் பொதுக்குழு என்று தபால் வந்தால் தயவுசெய்து போய் உட்காருங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்வி கேளுங்கள். உறுப்பினர் சந்தா பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டுங்கள்.